தண்ணீரை அளந்த குருவானவர்



நமது சேலம், நாமக்கல் சீமையில் குச்சிக்கிழங்கும் மஞ்சளும் வாழையும் பயிரிட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் அநேகம். அவர்களுள் சொட்டுநீர்க் குழாய் போட்டவர்கள், மோட்டார் கொட்டகையின் அருகில் ஒரு சிறு பிளாஸ்டிக் கருவியைத் தினமும் பார்க்கிறார்கள். இரு புறமும் அகன்று, நடுவில் இடை சிறுத்து, உடுக்கையைப் போல் அது இருக்கும். அந்த இடையிலிருந்து ஒரு மெல்லிய குழாய் புறப்பட்டு, உரம் கரைத்து வைத்த வாளிக்குள் இறங்கும். பம்பு ஓடத் தொடங்கியதும் வாளியிலிருக்கும் உரத் தண்ணீர் தானாகவே மேலேறி, பாசனத் தண்ணீரோடு கலந்து, செடியின் வேருக்குப் போய்ச் சேரும். அதை இறைக்கத் தனி மோட்டார் கிடையாது. ஆள் நின்று ஊற்றுவதும் கிடையாது.

அந்தக் கருவியின் பெயரைக் கேட்டால் வெஞ்சுரி என்று பட்டென்று சொல்வீர்கள். வெஞ்சுரி என்றால் என்ன என்று கேட்டாலோ, ஏதோ கம்பெனிப் பெயராக இருக்கும் என்று பலர் சொல்லக்கூடும். அது கம்பெனியின் பெயரன்று. அது ஒரு மனிதரின் பெயர். அவர் இருநூறு வருஷங்களுக்கு முன் இத்தாலி தேசத்தில் வாழ்ந்த ஒரு கத்தோலிக்கக் குருவானவர் என்று அறிந்தால் ஆச்சரியப்படுவீர்கள் அல்லவா? அவருடைய சரித்திரத்தை இந்த வாரம் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

பிறப்பும் படிப்பும்

வட இத்தாலியில் ரெஜ்ஜோ என்ற பட்டணத்துக்கு அருகே பிப்பியானோ என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே 1746-ம் ஆண்டில் அவர் பிறந்தார். பெற்றோர் அவருக்கு ஜியோவானி பத்திஸ்தா என்று ஞானஸ்நானப் பெயர் இட்டார்கள். நமது வழக்கப்படி சொன்னால் ஸ்நாபக அருளப்பர் என்று பொருள். குடும்பப் பெயர் வெந்தூரி. நம் தோட்டங்களில் வெஞ்சுரி என்று வழங்குவது அந்தப் பெயர்தான்.

அவர் பிறந்த நாடு போ என்னும் பெரிய நதியின் சமவெளி. நமக்குத் திருமணிமுத்தாறும் சரபங்காவும் வசிஷ்ட நதியும் இருப்பதுபோல், அங்கே மலையிலிருந்து என்சா, செக்கியா, பனாரோ முதலிய சிற்றாறுகள் இறங்கிப் போ நதியில் சேருகின்றன. நமக்கும் அவர்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நமக்குத் தண்ணீர் போதாமை கஷ்டம். அவர்களுக்குத் தண்ணீர் மிஞ்சிப் போவதும் கஷ்டம். மழை கனத்தால் ஆறு கரை உடைக்கும். தாழ்ந்த நிலங்களில் நீர் தேங்கிச் சேறாகும். ஆகையால் வாய்க்கால் வெட்டுவதும், கரை கட்டுவதும், மதகு வைப்பதும் அந்த ஜனங்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வந்த வேலை. தண்ணீர் எப்படி ஓடுகிறது என்ற கேள்வி அங்கே பண்டிதர்களுக்கு மட்டும் உரியதன்று; குடியானவனுடைய சாப்பாட்டையே அது தொட்டது.

சிறுவன் வெந்தூரி படிப்பில் கெட்டிக்காரன். அவனுக்குப் பாடம் சொன்னவர்களுள் லாசரோ ஸ்பல்லன்சானி என்பவர் பிரசித்தி பெற்றவர். அவரும் ஒரு குருவானவர்; ஜீவராசிகளைப் பற்றிப் பற்பல பரிசோதனைகள் செய்து ஐரோப்பா முழுவதும் பெயர் எடுத்தவர். வாயால் வாதாடுவதை விடக் கையால் செய்து பார்ப்பது மேல் என்ற பாடத்தை அந்த ஆசிரியரிடம் மாணவன் நன்றாகக் கற்றுக்கொண்டான் என்பது அவனது பிற்காலத்து வேலையிலிருந்து தெரிகிறது.

1769-ல் வெந்தூரி குருப்பட்டம் பெற்றார். அதே ஆண்டில் ரெஜ்ஜோ குருமடத்தில் தர்க்க சாஸ்திரம் கற்பிக்கும் ஆசிரியராக நியமிக்கப்பட்டார். 1774-ல் மோதெனா பட்டணத்துச் சர்வகலாசாலை அவரை அழைத்துக்கொண்டது. அங்கே முதலில் க்ஷேத்திர கணிதமும் தத்துவமும், பிறகு பௌதிக சாஸ்திரமும் கற்பித்தார். மோதெனாவின் பிரபு அவரைத் தம்முடைய எஞ்சினீயராகவும் வைத்துக்கொண்டார். பாலங்கள், வாய்க்கால்கள், நீர்நிலைகள் ஆகியவற்றைப் பற்றி அவரிடம் யோசனை கேட்கப்பட்டது. ஆகவே அவர் ஏட்டில் மட்டும் தண்ணீரைப் பார்த்தவர் அல்லர். வரப்பில் நின்றும் பார்த்தவர்.

ஒரு பழைய கேள்வி

அவருக்கு முன்பே தண்ணீரை ஆராய்ந்தவர்கள் சிலர் உண்டு. அவர்களுள் பெனதெத்தோ கஸ்தெல்லி என்ற ஆசீர்வாதப்பர் சபைத் துறவியை நாம் மறக்கலாகாது. அவர் கலிலேயோவின் சீடர். ஓடும் நீரை அளப்பது பற்றி 1628-ல் ஒரு புஸ்தகம் வெளியிட்டார். அவர் சொன்னது மிகவும் எளிது. ஒரு வாய்க்காலில் இடையே தண்ணீர் சேரவும் இல்லை, பிரியவும் இல்லை என்றால், அகன்ற இடத்தில் எவ்வளவு நீர் ஒரு நிமிஷத்தில் கடக்கிறதோ அவ்வளவே குறுகிய இடத்திலும் கடக்கும். ஆகையால் வழி குறுகினால் வேகம் கூடியே தீரவேண்டும். வழி பாதியானால் வேகம் இரண்டு மடங்கு. வழி கால் பங்கானால் வேகம் நான்கு மடங்கு.

பிறகு 1738-ல் தானியேல் பெர்னூயி என்ற சுவிஸ் கணித நிபுணர் இன்னொரு படி ஏறினார். நீரின் வேகத்துக்கும் அழுத்தத்துக்கும் உள்ள உறவை அவர் கணித வழியில் விளக்கினார். வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறையும் என்பது அதிலிருந்து கிடைக்கும் முடிவு.

இதை முதன்முதல் கேட்கிறவர்கள் நம்பமாட்டார்கள். திருவிழா அன்று பூசை முடிந்து எல்லாரும் கோவில் வாசலில் ஒரே சமயத்தில் நெருக்கினால் என்ன ஆகும்? வாசலில்தான் நெரிசல் அதிகம். அதுபோலக் குழாயின் குறுகிய இடத்திலும் தண்ணீர் நெரிந்து அதிகமாக அழுத்தும் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் தண்ணீர் ஜனக்கூட்டம் போன்றதன்று. கூட்டம் வாசலில் மெதுவாகிறது. தண்ணீரோ குறுகலில் வேகமாகிறது.

ஒரு வண்டி வேகம் பிடிக்க வேண்டுமானால், முன்னாலிருந்து தடுக்கும் பலத்தை விடப் பின்னாலிருந்து தள்ளும் பலம் அதிகமாக இருக்க வேண்டும் அல்லவா? அதுபோல, அகன்ற இடத்திலிருந்து குறுகிய இடத்துக்குத் தண்ணீர் வேகம் பிடித்து ஓடுகிறது என்றால், பின்னால் இருக்கும் அகன்ற இடத்தில் அழுத்தம் அதிகம், முன்னால் இருக்கும் குறுகலில் அழுத்தம் குறைவு என்றே அர்த்தம். சற்று யோசித்தால் இது விளங்கிவிடும்.

தொட்டியும் குழாயும்

வெந்தூரி சுவாமியார் கணக்கோடு நிற்கவில்லை. தொட்டி கட்டினார், குழாய்கள் செய்வித்தார், செய்து பார்த்தார்.

ஒரு தொட்டியில் தண்ணீர் அசையாமல் நின்றது. அதற்குள் ஒரு சிறு குழாய் வழியாக வேகமான நீர்த்தாரையைச் செலுத்தினார். அந்தத் தாரை எதிர்ப்புறத்தில் சரிவாக வைத்திருந்த ஒரு சிறு கால்வாய் வழியே ஏறித் தொட்டியின் விளிம்பைத் தாண்டி வெளியே போகும்படி அமைத்தார். என்ன நடந்தது? ஓடும் தாரை தான் மட்டும் போகவில்லை. பக்கத்தில் சும்மா நின்ற தண்ணீரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிற்று. தொட்டியில் நீர்மட்டம் இறங்கிற்று. ஓடும் நீர் பக்கத்து நீருக்கும் தன் ஓட்டத்தைக் கொடுக்கிறது என்பதை இப்படிக் கண்ணால் காண வைத்தார். பின்னால் அவர் எழுதிய நூலின் தலைப்பே இதைப் பற்றியதுதான்.

அடுத்து, தொட்டியின் பக்கத்தில் துளையிட்டு, அதில் வெவ்வேறு உருவமுள்ள குழாய்களை மாட்டினார். வெறும் துளை வழியே எவ்வளவு நீர் வருகிறது, நேர்க்குழாய் மாட்டினால் எவ்வளவு, முதலில் குறுகிப் பிறகு மெல்ல விரியும் குழாய் மாட்டினால் எவ்வளவு என்று பொறுமையாக அளந்தார். துளை அதேதான், தொட்டியில் நீர் உயரமும் அதேதான். ஆயினும் மெல்ல விரியும் குழாயை மாட்டியபோது தண்ணீர் அதிகமாக வந்தது. அதன் குறுகிய இடத்தில் ஒரு கண்ணாடிக் குழாயை இணைத்து, அதன் மறுமுனையைக் கீழே சாயத் தண்ணீர் வைத்த பாத்திரத்தில் நனைத்தார். சாயத் தண்ணீர் கண்ணாடிக் குழாயில் மேலே ஏறிற்று. குறுகிய இடத்தில் அழுத்தம் வெளிக்காற்றை விடக் குறைவு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேறென்ன வேண்டும்?

வாசகரே, உங்கள் தோட்டத்து உரவாளியை இப்போது நினைத்துப் பாருங்கள். சாயத் தண்ணீர் இருந்த இடத்தில் உரத் தண்ணீர். கண்ணாடிக் குழாய் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் குழாய். மற்றதெல்லாம் அதேதான்!

இந்தத் தத்துவத்தால் என்னென்ன உபகாரம் செய்யலாம் என்றும் அவர் ஆராய்ந்தார். தாழ்ந்த நிலத்தில் தேங்கிய நீரை, பக்கத்தில் விழுந்து ஓடும் ஓடையின் இழுப்பைக் கொண்டே, இயந்திரம் இல்லாமல் வெளியேற்றும் வழியை விளக்கினார். இரும்பு உருக்கும் உலைகளுக்கு, விழும் தண்ணீர் காற்றை இழுத்துவந்து ஊதும் முறையையும் ஆராய்ந்தார். கஞ்சமலை இரும்பின் பெருமையைக் கேட்டு வளர்ந்த சேலத்துக்காரர்களுக்கு உலையில் காற்று ஊதுவதன் அருமை தெரியும்.

ரோமாபுரியில் நடந்த களவு

குழாயை விரித்தால் தண்ணீர் அதிகம் வரும் என்பது ரோமாபுரிவாசிகளுக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது. அந்த நகரத்துக்குத் தூரத்து மலைகளிலிருந்து கல்லால் கட்டிய வாய்க்கால்களில் தண்ணீர் வந்தது. தண்ணீர் உரிமை பெற்றவர்களுக்கு இவ்வளவு அளவுள்ள வெண்கலக் குழாய்வாய் என்று நிர்ணயித்து, முத்திரையிட்டுப் பொருத்துவார்கள். கி.பி. 97-ல் நகரத்துத் தண்ணீர் இலாகாவின் தலைமை அதிகாரியாக நியமிக்கப்பட்ட பிரோந்தீனுஸ் என்பவர், அந்த ஏற்பாடுகளையும் அதில் நடந்த திருட்டுகளையும் விவரமாக எழுதி வைத்தார். முத்திரையிட்ட வாயைத் தொடாமல், அதற்கு அப்பால் பெரிய குழாயை மாட்டினால், உரிமைக்கு மேல் தண்ணீர் இழுக்கலாம். ஆகையால் வெண்கல வாயிலிருந்து 50 அடி தூரம் வரையில் குழாய் அதே அளவில்தான் இருக்க வேண்டும் என்ற விதி இருந்தது.

விதி செய்தவர்களுக்குத் திருட்டு தெரிந்தது. ஆனால் அதன் காரணம் தெரியவில்லை. குழாயின் வாயை மட்டும் அளந்தால் தண்ணீரை அளந்ததாகாது. எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்பதையும் அளக்க வேண்டும். இது விளங்கப் பல நூற்றாண்டுகள் சென்றன.

பாரீஸ் பட்டணத்தில்

1796-ம் ஆண்டில் நெப்போலியன் தன் சேனையோடு இத்தாலிக்குள் புகுந்தான். சிறு ராஜ்ஜியங்கள் நடுங்கின. மோதெனா பிரபு சமாதானம் பேசத் தூதுக்குழு ஒன்றைப் பாரீஸுக்கு அனுப்பினார். அதன் காரியதரிசியாக வெந்தூரி சுவாமியாரும் சென்றார். தூது அதிகப் பலன் தரவில்லை. ஆனால் அவர் அங்கே சும்மா இருக்கவில்லை. அந்தக் காலத்துப் பெரிய விஞ்ஞானிகளுடன் பழகினார். தமது நீர்ப் பரிசோதனைகளைப் பாரீஸ் விஞ்ஞானக் கழகத்தார் முன் சமர்ப்பித்தார். 1797-ல் அவை பிரெஞ்சு மொழியில் நூலாக வெளிவந்தன. விரைவில் இங்கிலீஷிலும் மொழிபெயர்க்கப்பட்டன.

அந்த வருஷமே இன்னொரு காரியமும் செய்தார். மிலான் நகரத்தில் கர்தினால் பெதெரிக்கோ பொரொமேயோ என்பவர் 1609-ல் திறந்து வைத்த பெரிய நூல்நிலையம் ஒன்று உண்டு. லெயனார்தோ தா வின்சியின் கையெழுத்து ஏடுகள் அங்கே இருந்தன. நெப்போலியனின் ஆட்கள் அவற்றைப் பாரீஸுக்கு அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். வெந்தூரி அவற்றைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, ஒவ்வொரு ஏட்டுக்கும் ஒரு எழுத்தை அடையாளமாகக் கொடுத்தார். அந்த அடையாளத்தைத்தான் அறிஞர்கள் இன்றும் வழங்குகிறார்கள். கடைசி இராப்போஜனத்தை வரைந்த ஓவியர் என்று மட்டும் உலகம் அறிந்திருந்த லெயனார்தோ, தண்ணீரையும் ஒளியையும் இயந்திரங்களையும் ஆழ்ந்து ஆராய்ந்த விஞ்ஞானி என்று முதன்முதல் எடுத்துக் காட்டியவர் இவரே. நதி குறுகும் இடத்தில் விரைவாக ஓடும் என்பதை லெயனார்தோவும் கண்டிருந்தார். தமக்கு முன்னே அதே பாதையில் நடந்தவருக்கு உரிய மரியாதையை மறைக்காமல் கொடுத்தது வெந்தூரியின் நேர்மைக்கு அடையாளம்.

பிற்கால வாழ்வு

இத்தாலிக்குத் திரும்பிய பின் புதிய ஆட்சியில் அவருக்குப் பொறுப்புகள் வந்தன. பவீயா சர்வகலாசாலையில் பௌதிகம் கற்பித்தார். 1801 முதல் பல வருஷங்கள் சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகரத்தில் அரசாங்கப் பிரதிநிதியாக வேலை பார்த்தார். முதுமை வந்ததும் சொந்த ஊர்ப் பக்கம் திரும்பி, மறுபடியும் ஏடுகளோடு உட்கார்ந்தார்.

இந்த முறை அவர் எடுத்தது கலிலேயோவின் கடிதங்களை. சிதறிக் கிடந்தவற்றையும் அதுவரை அச்சேறாதவற்றையும் தேடிச் சேர்த்து, 1818-லும் 1821-லும் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். கலிலேயோவைத் திருச்சபை நீதிமன்றம் 1633-ல் தண்டித்ததை நீங்கள் அறிவீர்கள். அவருடைய பிரதான நூல் தடைசெய்யப்பட்ட புஸ்தகங்களின் பட்டியலில் அப்போதும் இருந்தது; 1835-ம் ஆண்டுப் பட்டியலில்தான் அது நீக்கப்பட்டது. அப்படிப்பட்ட காலத்தில், ஒரு குருவானவர் தம் கடைசி வருஷங்களை அந்த மனிதரின் எழுத்துக்களைக் காப்பாற்றுவதில் செலவிட்டார். உண்மையைத் தேடுவதற்கும் தம் விசுவாசத்துக்கும் நடுவே சுவர் எழுப்ப அவர் நினைத்ததில்லை.

1822-ல் ரெஜ்ஜோ பட்டணத்தில் அவர் மரித்தார். அப்போது எழுபத்தைந்து வயதைக் கடந்திருந்தார். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று கற்பிக்கும் நூல்களை அச்சிட ரோமாபுரி அனுமதி கொடுத்ததும் அதே 1822-ம் ஆண்டுதான்.

அறுபத்தைந்து வருஷங்களுக்குப் பின்

குறுகிய குழாயைக் கொண்டு தண்ணீரை அளக்கும் கருவியை வெந்தூரி செய்யவில்லை. அவர் தத்துவத்தைக் காட்டினார். கருவி பின்னால் வந்தது.

அமெரிக்காவில் ஹோலியோக் என்ற ஊரில் கனெக்டிகட் நதியின் குறுக்கே அணை கட்டி, அந்தத் தண்ணீரின் பலத்தைக் காகித ஆலைகளுக்கும் மற்ற ஆலைகளுக்கும் விற்று வந்தார்கள். எந்த ஆலை எவ்வளவு தண்ணீர் எடுத்தது என்று தெரிந்தால்தானே நியாயமாகப் பணம் வாங்கலாம்? அங்கே எஞ்சினீயராக இருந்தவர் கிளெமன்ஸ் ஹெர்ஷல். பெரிய குழாயில் ஓடும் நீரை, அதன் ஓட்டத்தைத் தடுக்காமல் அளக்கும் வழியை அவர் தேடினார். 1887-ல் கண்டுபிடித்தார். அந்தக் கருவிக்குத் தம் பெயரை இட்டுக்கொள்ளவில்லை. அறுபத்தைந்து வருஷங்களுக்கு முன் மரித்துப்போன குருவானவரின் பெயரை இட்டார். ரோமாபுரித் தண்ணீர் அதிகாரியான பிரோந்தீனுஸின் நூலை இங்கிலீஷில் மொழிபெயர்த்து 1899-ல் வெளியிட்டவரும் இதே ஹெர்ஷல்தான்.

கருவி இதுதான். அகன்ற குழாய் படிப்படியாகக் குறுகும். நடுவில் சிறிது தூரம் ஒடுங்கிய தொண்டை. பிறகு மெள்ள மெள்ள விரிந்து பழைய அளவுக்கு வரும். அகன்ற இடத்தில் ஒன்று, தொண்டையில் ஒன்று என இரண்டு சிறு குழாய்களைச் செங்குத்தாக நிறுத்தினால், அவற்றில் தண்ணீர் ஏறி நிற்கும். அகன்ற இடத்தில் உயரமாகவும் தொண்டையில் தாழ்வாகவும் நிற்கும். அந்த உயர வித்தியாசத்தை அளந்தால் போதும். எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று கணக்கிட்டுவிடலாம். சுழலும் சக்கரம் எதுவும் உள்ளே இல்லாததால், சேறு வந்தாலும் சிக்கிக்கொள்ளாது.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளே, காகிதமும் பென்சிலும் எடுங்கள்! குழாயின் உள்விட்டம் 10 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய 4 அங்குலம். தொண்டையின் விட்டம் 5 சென்டிமீட்டர். விட்டம் பாதியானதால் பரப்பு கால் பங்கு. ஆகவே தொண்டையில் வேகம் நான்கு மடங்கு. இரண்டு சிறு குழாய்களிலும் நீரின் உயர வித்தியாசம் 1.25 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் 2, பூமியின் ஈர்ப்பு 9.81, உயரம் 1.25 ஆகிய மூன்றையும் பெருக்குங்கள், சுமார் 24.5 வரும். தண்ணீர் அகன்ற குழாயிலேயே கொஞ்சம் வேகத்தோடு வருகிறது; அது தொண்டை வேகத்தில் கால் பங்கு. காலின் வர்க்கம் பதினாறில் ஒன்று. அதைக் கழித்தால் பதினாறில் பதினைந்து மிஞ்சும். 24.5-ஐ அதனால் வகுத்தால் சுமார் 26.1. அதன் வர்க்கமூலம் 5.11. ஆகவே தொண்டையில் தண்ணீர் வினாடிக்கு 5.11 மீட்டர், அதாவது 511 சென்டிமீட்டர் ஓடுகிறது. தொண்டையின் பரப்பு 19.6 சதுர சென்டிமீட்டர். இரண்டையும் பெருக்கினால் வினாடிக்குச் சுமார் 10 லிட்டர். உராய்வுக்காக நூற்றுக்கு இரண்டு பங்கு போலக் கழிக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 36,000 லிட்டர். 12,000 லிட்டர் டாங்கர் லாரியில் மூன்று நடை!

ஒன்றைக் கவனியுங்கள். உயர வித்தியாசம் நான்கு மடங்கானால்தான் தண்ணீர் இரண்டு மடங்காகும். வித்தியாசம் கால் பங்காகக் குறைந்தால் தண்ணீர் பாதியாகும். இதை மறந்தால் கணக்கு தவறிவிடும். குழாய் முழுவதும் தண்ணீர் நிறைந்து ஓட வேண்டும். கருவிக்கு முன்னால் வளைவு இல்லாமல் கொஞ்சதூரம் நேராக இருக்க வேண்டும். சிறு குழாய்களில் காற்றுக் குமிழியோ மண்ணோ அடைக்கக் கூடாது. இவை சரியாக இருந்தால் இது ஏமாற்றாத கருவி.

நம் ஊரில்

இன்று பெரிய குழாய்களை அளக்க மின்காந்த மீட்டர்களும் வந்துவிட்டன. ஆயினும் இந்தச் சுவாமியாரின் பெயர் மறையவில்லை. பழைய மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டரில் பெட்ரோலை இழுக்கும் குறுகிய பாகத்துக்கு அவர் பெயர்தான். மூச்சுத் திணறும் நோயாளிக்கு ஆக்ஸிஜனையும் காற்றையும் அளவாகக் கலந்து கொடுக்கும் ஒருவகை முகமூடிக்கும் அவர் பெயர்தான்.

சொட்டுநீர் போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. வெஞ்சுரி உரத்தை இழுக்கவில்லை என்று சிலர் குறைப்படுவதுண்டு. பக்கக் குழாயில் கருவியை மாட்டிவிட்டு, பிரதான குழாயின் வால்வை முழுக்கத் திறந்து வைத்தால் அழுத்த வித்தியாசம் உண்டாகாது. வித்தியாசம் இல்லாமல் இழுப்பும் இல்லை. வால்வைச் சிறிது சிறிதாக மூடி வாருங்கள். இழுக்கத் தொடங்கியதும் நிறுத்துங்கள். பம்பு நின்றதும் உரத் தண்ணீர் கிணற்றுக்குத் திரும்பாதபடி செக் வால்வு அவசியம் இருக்க வேண்டும். அந்தக் கிணற்றிலிருந்துதானே பலர் குடிக்கிறார்கள்!

இன்னொரு காரியம். நமது பக்கத்தில் அண்ணன் தம்பிகளுக்குள் கூட்டுக் கிணறு உண்டு. உனக்கு ஆறு மணி நேரம், எனக்கு ஆறு மணி நேரம் என்று முறை வைத்துப் பாய்ச்சுகிறோம். நேரம் சமம்தான், ஆனால் தண்ணீர் சமமா? முதல் முறைக்காரன் இறைக்கும்போது கிணறு நிறைந்திருக்கும். அடுத்தவன் இறைக்கும்போது மட்டம் கீழே போயிருக்கும். மோட்டார் அவ்வளவு கொட்டாது. சித்திரை வெயிலில் இந்த வித்தியாசம் சண்டையாகி, சண்டை வழக்காகி, ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் ஒருவர் வீட்டுக் கலியாணத்துக்கு ஒருவர் போகாத அளவுக்கு முற்றுவதைப் பார்த்திருக்கிறோம். மணிக்கணக்கோடு தண்ணீர்க் கணக்கையும் பார்த்தால், அந்தக் குடும்பங்களில் சில ஒன்றாகவே இருந்திருக்குமே!

தெருக்குழாயில் மோட்டாரை மாட்டித் தண்ணீரை உறிஞ்சுவதும் நம்மிடையே நடக்கிறது. இது ரோமாபுரிவாசிகள் குழாயை விரித்த கதைதான். இந்த முனையில் ஒரு வீடு இழுத்தால் அந்த முனையில் ஒரு தாய் காலிக் குடத்தோடு நிற்கிறாள். கள்ளத் தராசும் கள்ள மரக்காலும் பாவம் என்று ஞானோபதேசத்தில் படித்த நாம், தண்ணீரும் ஏழாம் கற்பனைக்கு உட்பட்டதே என்பதை மறந்துவிடுகிறோம்.

அன்பான வாசகரே! வெந்தூரி சுவாமியார் பெரிய அணை எதையும் கட்டவில்லை. சேறும் சகதியுமான ஒரு சமவெளியில் பிறந்து, தண்ணீர் ஏன் இப்படி ஓடுகிறது என்று கேட்டு, கிடைத்த விடையை ஒளிக்காமல் எழுதி வைத்துவிட்டுப் போனார். அதிலிருந்து தமக்குப் பின் என்னென்ன வரும் என்று அவர் அறிந்திருக்க முடியாது. இன்று அவருடைய பெயர், அவர் கேள்விப்பட்டே இராத குச்சிக்கிழங்குத் தோட்டத்தில் தினமும் உச்சரிக்கப்படுகிறது.

நாளைக் காலையில் உரவாளியில் அந்தச் சிறு குழாயை இறக்கும்போது உங்கள் பிள்ளையைப் பக்கத்தில் அழைத்து, உரத் தண்ணீர் தானாக ஏறுவதைக் காட்டுங்கள். ஏன் ஏறுகிறது என்று கேளுங்கள். பிறகு உங்கள் முறைத் தண்ணீரை முடித்துக்கொண்டு, அடுத்த முறைக்காரருக்கு உரிய பங்கு குறையாமல் போய்ச் சேருகிறதா என்பதையும் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள்.